வாசகர் கேள்விகள்: எந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிக்கலாம்?

கேள்வி: தமிழ் வலைப்பதிவுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் தேடினால், சொன்னதையே திரும்பச் சொல்லும் விளம்பரப் பக்கங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. நீங்கள் விரும்பிப் படிக்கும் ஆங்கில வலைப்பதிவுகள் சிலவற்றைக் கூற இயலுமா? என் ஆங்கிலம் சுமாரானது. எதிலிருந்து தொடங்கலாம் என்பதையும் தெரிவித்தால் நன்று.

பதில்: ஒரு துறையிலேயே உழைத்துத் தேர்ந்த ஒருவர், அந்த வேலையைப் பற்றித் தம் சொந்தக் குரலில், யாரும் கேட்காமலேயே பல ஆண்டுகளாக எழுதிவரும் வலைப்பதிவைத்தான் நான் எப்போதும் தேடுவேன். செய்தித்தாளிலும் பாடநூலிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: வேலை தெரிந்தவர் ஒரு செய்தியைக் கண்டதும் எதை முதலில் சந்தேகிக்கிறார் என்பது.

இதற்கு நான் முதலில் காட்டுவது ‘இன் தி பைப்லைன்’. மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்களில் நெடுங்காலம் பணியாற்றிய வேதியியலாளர் டெரிக் லோ 2002 முதல் எழுதிவரும் இவ்வலைப்பதிவு, இப்போது ‘சயன்ஸ்’ ஆய்விதழின் தளத்தில் வெளியாகிறது. மனிதர்களிடம் சோதிக்கும் நிலையை எட்டிய மருந்துகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது ஏன் தோற்றுப்போகின்றன என்பதை இவரைப் போல விளங்க வைப்பவர் அரிது. 2020இல் கொரோனா தடுப்பூசிகளின் சோதனை முடிவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, அவை எதைக் காட்டுகின்றன, எதை இன்னும் காட்டவில்லை என்று இவர் நிதானமாகப் பிரித்துச் சொன்ன பதிவுகளை இன்று படித்தாலும் பயனுண்டு. அவற்றுக்கு முன், தாம் கையாள மறுக்கும் வேதிப்பொருள்களைப் பற்றி அவர் எழுதிய தொடரைப் படித்துவிடுங்கள். மணலையும் கல்நாரையும்கூடப் பற்றியெரியச் செய்யும் குளோரின் ட்ரைஃப்ளூரைடு பற்றிய 2008ஆம் ஆண்டுப் பதிவு அத்தொடரில் தலைசிறந்தது. வேதியியல் மறந்துபோனவரும் அதை ரசிக்கலாம்.

அடுத்தது, கணித மேதை டெரன்ஸ் டாவோ 2007 முதல் நடத்திவரும் வலைப்பதிவு. அதன் பெரும்பகுதி கணிதம் பயின்றவர்களுக்கானது. மற்றவர்கள் தயங்காமல் தாண்டிச் செல்லலாம். ஆனால் மாணவர்களுக்கென்று அவர் எழுதிவைத்துள்ள அறிவுரைப் பக்கங்கள் எத்துறையில் இருப்பவருக்கும் உரியவை. கணிதம் செய்ய மேதையாக இருந்தாக வேண்டுமா என்ற கேள்விக்கு, கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற அவரே ‘இல்லை’ என்று உறுதியாகப் பதிலளித்து, பொறுமையான உழைப்பின் பங்கை விளக்குகிறார். வலைப்பதிவு என்ற வடிவம் எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதற்கும் கணிதர்களிடமே நல்ல சான்று உண்டு. 2009இல் டிமொத்தி கவர்ஸ் தம் வலைப்பதிவில் கடினமான ஒரு கணக்கை முன்வைத்து, பலர் கூடித் தீர்க்க முடியுமா என்று கேட்டார். பின்னூட்டங்களிலேயே விவாதம் வளர்ந்து, சில வாரங்களில் தீர்வு புலப்பட்டது. பிறகு அது ‘பாலிமத்’ என்ற கூட்டுப் பெயரில் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. தவறான முயற்சிகள்கூட அழிக்கப்படாமல் அந்தப் பக்கங்களில் இன்றும் இருக்கின்றன என்பதே எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

உங்கள் ஆங்கிலத்துக்கு எளிதாக இருக்கக்கூடியது, கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ப்ரூஸ் ஷ்னையரின் வலைப்பதிவு. பல பதிவுகள் ஓரிரு பத்திகளே. ஒரு செய்தி, அதன் மீது அவருடைய கருத்து, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கணவாய் மீனைப் பற்றி ஏதேனும் எழுதுவார். ஒருவர் தம் விருப்பத்துக்கு இப்படி இடம் வைத்துக்கொள்வது வலைப்பதிவுக்கே உரிய அழகு. இங்கிருந்து தொடங்குங்கள். இலக்கிய நாட்டம் இருந்தால், மரியா போப்போவா 2006இல் தொடங்கிய ‘தி மார்ஜினாலியன்’ உண்டு. அதன் நடை சற்று அடர்த்தியானது என்பதால் சில மாதங்கள் கழித்து அதற்குச் செல்லலாம்.

கேள்வி: பிடித்த வலைப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போகாமல் ஒரே இடத்தில் படிக்க வழி உண்டா? நின்றுபோன வலைப்பதிவுகளைப் படிக்க இயலுமா?

பதில்: ஒரு வலைப்பதிவில் புதிதாக வருவதைத் தானாகவே நமக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடைதான் வழி. ஓடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதோடு அது முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் மேற்சொன்ன வலைப்பதிவுகளுக்கெல்லாம் இன்றும் ஓடை உண்டு. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலி ஒன்றில் வலைப்பதிவின் முகவரியை இட்டால், புதிய பதிவுகள் தேதி வரிசையில் உங்களிடம் வந்து சேரும். சமூக ஊடகங்களைப் போல, எதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று வேறொருவர் தீர்மானிப்பதில்லை. தொடக்கத்தில் நான்கைந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். படிக்காமல் குவியும் பதிவுகள் படிக்கும் ஆசையையே கெடுத்துவிடும். எழுதுபவர் தம் பக்க ஓரத்தில் பரிந்துரைக்கும் பிற வலைப்பதிவுகளின் பட்டியலைப் பார்த்து மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம்.

நின்றுபோனவற்றின் முகவரி தெரிந்தால், இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்து கிடைத்துவிடும். படங்கள் சில விடுபட்டிருக்கலாம். மிகவும் பிடித்த பதிவு ஏதேனும் இப்போது இணையத்தில் இருந்தால், அதே பக்கத்தில் அதன் முகவரியைக் கொடுத்து நீங்களே சேமித்துவைக்கவும் முடியும்.