சர்க்கரைய பாக்டீரியா தின்னட்டும், சாயத்துக்கு அன்னபேதி

கேள்வி: அண்ணே, தேவகோட்டை பக்கம் திராட்சை, நாவல்பழ ஸ்குவாஷ் போடுற சின்ன யூனிட் வச்சிருக்கோம். சீசன்ல பழம் கழுவுனது, டிரம் கழுவுனதுன்னு தெனம் 2,000 லிட்டர் தண்ணி வருது, குழியில விட்டா மூணாம் நாளே புளிச்ச வாடை, பக்கத்துல ஊரணி வேற. நாசிக்ல ஒயின் கம்பெனில இருக்குற எங்க கொழுந்தனார், ஒயின் கழிவுநீருக்கு பாக்டீரியா டேங்கும், ரசாயனம் ஊத்தி அழுக்க எரிக்கிற ஆக்சிடேஷனும் சேத்து பண்ணுனாத்தான் சுத்தமாகும்ங்குறார். ஹைட்ரஜன் பெராக்சைட மட்டும் ஊத்துனா போதாதா?
- ஒரு வாசகி

பதில்: வேணாம் ஆச்சி, காசு அத்தனையும் தண்ணியோட போயிரும். சிஓடின்னு ஒரு அளவு இருக்கு, தண்ணில கெடக்குற அழுக்க எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற கணக்கு. ஒயின் கழிவுல லிட்டருக்கு சில ஆயிரம் மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 10,000-த்துக்கு மேலயும் போகும். உங்களுது 5,000-ன்னே வைங்க, 2,000 லிட்டர்ல 10 கிலோ. சிஓடி கிலோவுக்கு 2.1 கிலோ பெராக்சைடுன்னு போட்டா 21 கிலோ, கடைல வாங்குற 50 சதவீத கேன்ல 42 கிலோ, அதுவும் ஒரு நாளைக்கு! கட்டுபடியாகுமா?

சர்க்கரை, ஆல்கஹால், பழப்புளிப்பு இதெல்லாம் பாக்டீரியாவுக்கு விருந்துச் சாப்பாடு, காத்து மட்டும் ஊதிக்கிட்டே இருந்தா சும்மாவே தின்னுரும். மொதல்ல தோல், கொட்டைய சல்லடைல பிடிச்சிருங்க, தரைய விளக்குமாத்தால கூட்டிட்டு அப்புறமா தண்ணி விடுங்க, பாரம் அங்கயே நல்லா கொறையும். புளிப்பு அதிகமா இருக்குறதால சுண்ணாம்பு போட்டு பிஹெச்ச 7 கிட்ட கொண்டாங்க. இன்னொன்னு, பழத்தண்ணில நைட்ரஜனும் பாஸ்பரசும் ரொம்ப கம்மி, அது இல்லாம சர்க்கரை மட்டும் கெடைச்சா நூல் மாதிரி வளர்ற பாக்டீரியா பெருகி, பாக்டீரியா சகதி அடில தங்காம இலவம்பஞ்சு கணக்கா மெதக்கும். அழுக்கு 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1-ங்குறது வழக்கமான விகிதம், உங்க அளவுக்கு தெனம் 1 கிலோ யூரியா, அரை கிலோ டிஏபி தாராளம். சீசனுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே, நல்லா ஓடுற எஸ்டிபில (சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ணுற நிலையம்) இருந்து சகதி வாங்கிட்டு வந்து டேங்க்க ரெடி பண்ணிருங்க, பழம் வந்த அன்னிக்கு ஆரம்பிச்சா பாக்டீரியா பத்தாது.

இதுக்கப்புறமும் மிஞ்சுறது தோல்ல இருக்குற துவர்ப்பும் சாயமும். அத பாக்டீரியா லேசுல தொடாது, அங்கதான் ஃபென்டன் முறை. 1894-ல ஃபென்டன்ங்கிற வேதியியலாளர் இரும்பும் பெராக்சைடும் சேந்தா டார்டாரிக் அமிலத்த ஒடைக்குதுன்னு எழுதுனார், திராட்சைல இருக்குற அமிலம் அது, நம்ம குழம்புப் புளிலயும் அதேதான்! வேலை பாக்குறது இதுங்க சேரும்போது பொறக்குற ஹைட்ராக்சில் ராடிக்கல்ங்கிற துகள், கண்ணுல படுற எதையும் விடாது, அதனாலதான் சர்க்கரை இருக்கும்போதே ஊத்துனா சர்க்கரை மேலயே தீந்துபோயிருது.

ஒரு கண்ணாடி ஜார்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. டேங்க்ல இருந்து வந்த பழுப்புத் தண்ணி 1 லிட்டர், ஆசிட் விட்டு பிஹெச் 3, ஒரு சிட்டிகை அன்னபேதி (இரும்பு உப்பு, ஃபெரஸ் சல்பேட்), அப்புறம் சொட்டுச் சொட்டா பெராக்சைடு. நுரை கெளம்பும், நெறம் மொதல்ல கருத்து அப்புறம் வைக்கோல் கலருக்கு வெளுக்கும், சுண்ணாம்பு போட்டதும் துரு நெறத்துல கட்டிகட்டியா அடில எறங்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம், மூடி போடாதீங்க, வாயு அடைஞ்சு வெடிச்சிரும். வெயில்ல வச்சா தீந்த இரும்பு திரும்ப வேலைக்கு வரும், அன்னபேதி கம்மியா போதும், நம்மூர் வெயிலுக்கு இது தோது. ஆனா ஆசிட், சுண்ணாம்பு ரெண்டு தடவ செலவு இருக்கு, சகதியும் மிச்சமாகும்.

என் அபிப்பிராயம், தண்ணி தென்னைக்குப் போகுதுன்னா பாக்டீரியா டேங்க் மட்டுமே போதும், பிஓடி (அழுக்க தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பாசனத்துக்கு விடலாம், நீர்நிலைக்குன்னா 30, சிஓடி 250. நெறம் போகலைன்னா மட்டும் ஃபென்டன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல அனுமதி வாங்கிருங்க. ஊரணிக்கு ஒரு சொட்டுகூட வேணாம் ஆச்சி, ஓட்டு மேல விழுற மழைத்தண்ணியக்கூட வீணாக்காம சேத்த ஊரு இது.

கேள்வி: ஃபென்டன் பண்ணப்புறம் சிஓடி கொறையாம கூடுதே, ஏன் சார்?
- காரைக்குடி மாணவர்

பதில்: மிச்ச பெராக்சைடு தம்பி. சிஓடி டெஸ்ட்ல அழுக்க எரிக்க ஊத்துற டைக்ரோமேட்டோட அதுவும் வினை புரியும், அழுக்கு மாதிரியே காட்டும். பிஹெச்ச ஏத்தி ஒரு ராத்திரி விட்டுட்டு, பெராக்சைடு ஸ்ட்ரிப்ல பூஜ்யம் காட்டுனப்புறம் திரும்ப எடுங்க. பாக்டீரியா டேங்க்குக்கு திருப்பி விடுறதா இருந்தாலும் இதப் பாத்துட்டுத்தான் விடணும், நான் பாத்த ஒரு யூனிட்ல பாக்காம விட்டு டேங்க் மொத்தமும் ஒரே ராத்திரில செத்துப்போச்சு.