தொடை மெலிகிறது, தொப்பை வளர்கிறது: ஆண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இருபது வருடமாகப் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் 50 தாண்டிய ஆண்கள். வயதாக ஆக ஆணின் உடலில் தசையும் கொழுப்பும் எப்படி மாறுகின்றன என்பதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: எனக்கு 49 வயது. இருபத்தைந்து வயதில் 68 கிலோ இருந்தேன், இப்போதும் 69தான். ஆனால் பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது, தொடையில் தொளதொளவென்று இருக்கிறது. எடை ஏறாமல் இது எப்படி சார்?

எடை மெஷின் மொத்தக் கணக்கை மட்டும்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. உங்கள் பேன்ட் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்கு மேல் இந்த வேகம் இன்னும் கூடும். உங்களுக்குக் காலில் தசை போயிருக்கிறது, வயிற்றில் கொழுப்பு வந்திருக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டதால் முள் நகரவில்லை. "தசையெல்லாம் கொழுப்பாக மாறிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். அப்படி மாறாது, இரண்டும் வேறு வேறு செல்கள். ஒன்று தேய்கிறது, இன்னொன்று சேர்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கொழுப்பு தசைக்குள்ளேயும் புகுந்துகொள்ளும். தொடையைக் குறுக்கே வெட்டியது போலக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். உடற்பயிற்சி செய்யும் இளைஞரின் படத்தில் நடுவில் எலும்பு, அதைச் சுற்றி அடர்த்தியாகத் தசை, வெளியே மெல்லிய வெள்ளை வளையமாகக் கொழுப்பு. அசைவே இல்லாமல் வாழ்ந்த எழுபது வயதுக்காரரின் படத்தில் தொடைச் சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வெள்ளை வளையம் தடித்திருக்கும், தசை சுருங்கியிருக்கும், அதன் நடுவே வெள்ளைக் கீற்றுகள் ஓடும். அந்தக் கீற்றுகள் கூடக் கூட காலின் பலம் குறையும்.

அதனால் உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவை வைத்து அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 170 செ.மீ. உயரம் என்றால் 85 செ.மீ.

கேள்வி: சாப்பாடு மாறவில்லை, தினமும் நடக்கிறேன். அப்படியும் தசை ஏன் குறைகிறது?

பிரச்சினை தசையில் மட்டும் இல்லை, அதை இயக்குகிற நரம்பிலும் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பு செல்கள் வயதாக ஆகக் குறைகின்றன. ஒரு நரம்பு போனால் அது இயக்கிய தசை இழைகள் அநாதையாகிவிடும். அவற்றில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு எடுத்துக்கொள்ளும், மற்றவை சுருங்கி மறைந்துவிடும்.

இதில் அதிகம் பாதிக்கப்படுபவை வேகமாகச் சுருங்கும் இழைகள். நிதானமாக நடக்க அவை பெரிதாகத் தேவையில்லை. கால் தடுக்கினால் சட்டென்று இன்னொரு காலை முன்னே வைத்துச் சமாளிக்க அவைதான் வேண்டும். உங்கள் நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அது இந்த இழைகளுக்கு வேலையே கொடுப்பதில்லை. கனமான எதையாவது தூக்கினால், தள்ளினால், படியேறினால்தான் அவை விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று: தசையின் அளவைவிட அதன் பலம் வேகமாகக் குறைகிறது. கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே கை பாட்டில் மூடியைத் திறக்கத் திணறும். இந்தத் தேய்மானத்துக்கு 'சார்கோபீனியா' என்று 1989இல் பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க். கிரேக்க மொழியில் சதைக் குறைவு என்று பொருள். அதுவரை இதை வயதானால் வருவதுதானே என்று விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: முப்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும், அதனால்தான் தொப்பை என்கிறார்களே அண்ணா?

இல்லை தம்பி. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து 2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் எரிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் வருடத்துக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது. முப்பதுகளில் மாறுவது நம் அன்றாட வாழ்க்கைதான். உட்கார்ந்து பார்க்கும் வேலை கூடுகிறது, தூக்கம் குறைகிறது, விளையாட்டு நின்றுபோகிறது.

கேள்வி: கை கால் ஒல்லியாகத்தான் இருக்கிறது. கொழுப்பு ஏன் வயிற்றிலேயே வந்து சேர்கிறது? சிட்அப்ஸ் செய்தால் கரையுமா?

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் சேமிப்பு வயதானால் சரியாக வேலை செய்வதில்லை. அங்கே தங்காத கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், தசையிலும் போய்ச் சேர்கிறது. ஆண்களுக்கு இளமையிலேயே வயிற்றுக்குள் சேரும் போக்கு அதிகம். அந்தக் கொழுப்பிலிருந்து வெளியாவது ரத்தக் குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போவதால்தான் சர்க்கரை, ரத்தக் கொழுப்புப் பிரச்சினைகள் வருகின்றன.

சிட்அப்ஸ் வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் எடுக்காது. மொத்தமாகக் கொழுப்பு குறையும்போது வயிற்றுக்குள் இருப்பதும் நன்றாகவே குறையும்.

கேள்வி: வயது 52. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார்.

நாற்பதை ஒட்டித் தொடங்கி இந்த ஆண் ஹார்மோன் வருடத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறைவது இயல்பு. ஆனால் தொப்பையும் அதைக் குறைக்கிறது. கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு என்சைம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். எடை குறைத்தாலே பலருக்கு அளவு ஏறுகிறது.

அறிகுறிகள் இருந்து, வெவ்வேறு நாளில் காலையில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனையிலும் குறைவு என்று வந்தால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசி வேண்டாம். விந்தணு உற்பத்தியை அது நிறுத்திவிடலாம், ரத்தம் கெட்டியாகலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 74. நிமோனியா வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் நாற்காலியிலிருந்து தனியாக எழ முடியவில்லை. இனி இப்படித்தானா?

இல்லம்மா, இப்படியே இருக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான வயதானவர்களையே பத்து நாள் படுக்கையில் இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. உங்கள் அப்பாவுக்கு நோயும் சேர்ந்திருக்கிறது.

டாக்டரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு இப்படி ஆரம்பியுங்கள். கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். அவர் எழும் விதத்தைக் கவனியுங்கள். பாதம் முன்னால் நீண்டிருக்கும், முதுகு சாய்ந்திருக்கும், கையை ஊன்றி உந்துவார். குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைக்கச் சொல்லுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியட்டும், அப்புறம் எழட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் நான்கு எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு நல்ல வேலை. முடியவில்லையா, இருக்கையில் ஒரு கெட்டியான குஷனைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதே நிலையில் வந்த ஒரு பெரியவருக்கு முதல் நாள் இரண்டு குஷன் தேவைப்பட்டது. நான்கு தடவை எழுந்ததும் தொடை நடுங்கியது. ஐந்தாவது வாரம் ஒன்றை எடுத்தோம். மூன்றாவது மாதம் அவரே இன்னொன்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து காட்டினார்.

அவர் விதிவிலக்கு இல்லை. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்கள் அப்பாவுக்கு அவர்களைவிட வயது குறைவு.

கேள்வி: புரதம் எவ்வளவு வேண்டும்? பவுடர் கட்டாயமா?

வயதான தசைக்குக் கொஞ்சம் புரதம் போதாது. இளைஞரின் தசை சிறிய அளவுக்கே வளர ஆரம்பிக்கும், முதியவருடையதற்கு ஒரே வேளையில் கூடுதலாக வேண்டும். 65 தாண்டியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர் குழுக்களின் பரிந்துரை. 70 கிலோ என்றால் 70 முதல் 84 கிராம். அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் கிட்டத்தட்ட எதுவும் இல்லாமல் ராத்திரி மொத்தமாகச் சாப்பிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. உணவிலேயே கிடைத்தால் பவுடர் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி போட்டு 11 கிலோ குறைந்தேன். தசையும் போயிருக்குமா?

போயிருக்கும். எப்படிக் குறைத்தாலும் குறைந்த எடையில் ஏறக்குறைய கால்வாசி, சிலருக்கு அதற்கும் மேல், கொழுப்பல்லாத பகுதியாகத்தான் இருக்கும். ஊசியை நிறுத்தி எடை திரும்பினால் பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்பும். வாரம் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி செய்யுங்கள். பசி இல்லை என்று புரதத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு 67. ஆறு மாதத்தில் 76இலிருந்து 70 கிலோவுக்கு வந்துவிட்டார். டயட் எதுவும் இல்லை. தொப்பை குறைந்தது என்று சந்தோஷப்படுகிறார். நல்லதுதானே?

முயற்சி செய்யாமல் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேடியே ஆக வேண்டும். இவருக்கு எட்டு சதவீதம் ஆகியிருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, குடல் பிரச்சினை, மனச்சோர்வு, புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம், பயப்படும்படி ஒன்றும் இல்லாமலும் போகலாம். பழைய எடை, இன்றைய எடை இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.