ஐஸ் இல்லாமல் யாரையும் நெருங்க முடியவில்லை

கேள்வி: வயது 27. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறேன். எனக்கு ஆண்களிலும் பெண்களிலும் ஈர்ப்பு உண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாது; பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சில மாதங்களாக சனிக்கிழமை இரவுகளில் ஒரு நண்பரின் பிளாட்டில் ஆண்கள் சிலர் கூடுகிறோம். அங்கே ஐஸ் போதைப்பொருள் (மெத்தாம்பெட்டமைன்) இருக்கும். இப்போது அது இல்லாமல் யாரையும் நெருங்கவே முடியவில்லை. போன கிழமை ஆணுறை இல்லாமல் நடந்துவிட்டது. அந்த நபர், எச்.ஐ.வி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் குளிசையைத் தான் எடுப்பதாகச் சொன்னார். பயப்பட வேண்டுமா? ஐஸை விட்டபிறகு டொக்டரிடம் போகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். ஐஸை விடும்வரை காத்திருக்க வேண்டாம். விடுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், பரிசோதனையோ இந்தக் கிழமையே செய்ய வேண்டியது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் மத்திய பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம் காக்கப்படும். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை நினைத்துப் பலர் அந்த வாசலுக்கே போவதில்லை. அங்கே இருப்பவர்கள் வைத்தியர்களும் தாதியரும், பொலிஸ் அல்ல. ஆண்களுடன் உறவு உண்டு, ஐஸ் எடுக்கிறேன் என்று இரண்டையும் சொல்லுங்கள். சொன்னால்தான் தொண்டையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுப்பார்கள். கொனோரியா என்ற பாலியல் நோய் அந்த இடங்களில் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் இருக்கும், சிறுநீரை மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

சம்பவம் நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் போயிருந்தால், எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கும் மருந்தை 28 நாட்களுக்குத் தந்திருப்பார்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே அந்த நேரம் கடந்துவிட்டது. இனியொரு தடவை நடந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரே போங்கள். இப்போது முதல் பரிசோதனை, பிறகு ஆறு கிழமை கழித்து ஒன்று, மூன்று மாதத்தில் கடைசி ஒன்று. சிபிலிசையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாவிட்டால் அதையும் கேளுங்கள்.

அந்த நபர் பிரெப்பை ஒழுங்காக எடுப்பது உண்மை என்றால், அவரிடமிருந்து எச்.ஐ.வி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அவர் எடுக்கும் குளிசையால் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவருடைய வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது. சிபிலிசையும் கொனோரியாவையும் பிரெப் தடுக்காது. உங்களுக்கே பிரெப் தொடங்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். எச்.ஐ.வி இல்லை என்று உறுதிசெய்து, சிறுநீரகத்தையும் ஹெபடைடிஸ் பியையும் பார்த்துவிட்டு அவர்கள் முடிவுசெய்வார்கள்.

உறவுக்கு முன் இரண்டு குளிசை, அதை எடுத்ததிலிருந்து 24 மணித்தியாலத்தில் ஒன்று, 48 மணித்தியாலத்தில் ஒன்று என்றும் ஆண்கள் பிரெப் எடுக்கலாம். ஆனாலும் ஐஸ் எடுப்பவருக்கு நான் தினமும் ஒன்று என்ற முறையைத்தான் சொல்வேன். அந்தக் கடைசி இரண்டு குளிசைகளும் ஞாயிறும் திங்களும் வரும். போதை இறங்கி, தூக்கமும் மனச்சோர்வுமாகக் கட்டிலில் கிடக்கும் நாட்கள் அவை. அப்போது குளிசை ஞாபகத்துக்கு வராது. ஆணுறையும் அப்படித்தான். அதைப் போடுவதா இல்லையா என்பதைச் சனிக்கிழமை பகலிலேயே, தெளிவாக இருக்கும்போதே முடிவெடுத்து, பையில் ஆணுறையும் நீர்த்தன்மையுள்ள ஜெல்லும் வைத்துக்கொண்டு போங்கள். ஐஸ் வாயை மட்டுமல்ல, மென்சவ்வையும் உலர்த்தும். வலியும் தெரியாது, இரவு நீளும், சிராய்ப்பு வரும். கிருமி அந்த வழியாக இலகுவாக உள்ளே போகும்.

ஐஸால் விறைப்பு வராமல் வயாகரா போடுபவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்குப் பெரிய சுமை. வயாகராவோடு பாப்பர்ஸ் என்ற போதைத் திரவத்தையும் முகர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழும், உயிரே போகலாம். நெஞ்சுவலி, உடல் கொதிப்பு, குழப்பம் என்று யாருக்காவது வந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிட்டு, எடுத்தது என்ன என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஊசியால் ஏற்றுபவர்கள் ஊசியைப் பகிரவே கூடாது.

இனி நீங்கள் கேட்காமலே கேட்ட கேள்வி: ஏன் அது இல்லாமல் முடியவில்லை? ஐஸ் மூளையில் டோபமின் என்ற இன்ப உணர்வு இரசாயனத்தை வெள்ளமாகத் திறந்துவிடும். அதைவிட முக்கியம், வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தையும், நான் பிழையானவனோ என்ற வெட்கத்தையும் ஒரு இரவுக்கு அணைத்துவிடும். உங்களுக்கு இருப்பது ஆசைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. பயமில்லாமல் ஒருவரைத் தொட வேறு வழி தெரியாமல் போயிருக்கிறது. பழகப் பழக மூளை இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடும், தெளிந்திருக்கும்போது எல்லாம் சப்பென்று இருக்கும். ஐஸை விட்டுச் சில மாதங்களில் அந்த இன்ப உணர்வு மெதுவாகத் திரும்பும். ஐஸை விடுவதற்கென்று ஒரு மாத்திரை இன்னும் இல்லை. பேச்சு சிகிச்சைதான் வேலை செய்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கிளினிக்கிலும் ஆலோசகரைக் கேட்கலாம். இப்போதைக்கு அந்த பிளாட்டுக்குச் சில சனிக்கிழமைகள் போகாமல், பிடித்த ஒருவரைப் பகலில் காலி முகத்திடலிலோ ஒரு தேநீர்க் கடையிலோ சந்தியுங்கள். முதல் சந்திப்பில் எதுவும் நடக்கத் தேவையில்லை.

அப்புறம், பெண் பார்க்கும் விஷயம். கல்யாணம் முடித்தால் ஈர்ப்பு மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செய்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஆனால் மூன்று மாதப் பரிசோதனை முடியும்வரை ஆணோ பெண்ணோ யாருடனும் ஆணுறை இல்லாமல் வேண்டாம், நிச்சயத்துக்கும் அதுவரை நாள் குறிக்க விடாதீர்கள். வேலை நிரந்தரமாகட்டும் என்று சொல்லுங்கள். அந்தச் சாட்டை எந்த அம்மாவும் சந்தேகப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.