லாபம் கூடியும் பங்கு இறங்குவது ஏன்?

டயர் கம்பெனியின் காலாண்டு லாபம் கூடியிருக்கிறது, பங்கு மட்டும் ஏன் இறங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தை இதைவிட அதிகம் எதிர்பார்த்திருக்கலாம். லாபத்தின் தரமும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதை நீங்களே சோதிக்கலாம்.

முதலில் இதர வருமானத்தையும் ஒருமுறை வரவுகளையும் கழித்துவிடுங்கள். நிலம் விற்ற காசு டயர் விற்ற காசு ஆகாது. மிச்சத்தைப் போன வருடத்தின் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், முடிவு அறிக்கையின் செலவுப் பகுதியில் பலர் தாண்டிப்போகும் தலைப்பு ஒன்று உண்டு: 'கையிருப்பில் மாற்றம்'. அது மைனஸில் இருந்தால், செய்த சரக்கு விற்காமல் கிடங்கில் சேர்ந்திருக்கிறது. அதன் மூலப்பொருள் செலவு மட்டுமல்ல, ஆலைக் கூலி, தேய்மானத்தில் (இயந்திரங்களின் மதிப்புக் குறைவில்) ஒரு பங்கும் சரக்கோடு கிடங்குக்குப் போய்விடும்; இந்தக் காலாண்டின் செலவில் வராது. விற்பனை மந்தமாக இருந்தும் லாபம் பளிச்சென்று தெரிவது பல நேரம் இப்படித்தான். அதனால் மூலப்பொருள் செலவை இந்தத் தொகையோடு சேர்த்தே விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ரப்பர் விலை ஏறினாலும், பழைய கையிருப்பு தீர்ந்த பிறகுதான் அது கணக்கில் முழுதாகத் தெரியும்.

கடன், ரொக்கம்? மார்ச்சில் ஆண்டு முடியும் இந்திய நிறுவனங்கள் இருப்புநிலைக் குறிப்பையும் (சரக்கு உள்ளிட்ட சொத்து, கடன் விவரம்) பணப்புழக்க அறிக்கையையும் (ரொக்கம் வந்துபோன கணக்கு) செப்டம்பர், மார்ச் முடிவுகளோடுதான் கட்டாயம் தர வேண்டும். சரக்கு தேங்கியதா என்ற சந்தேகம் ஜூன் காலாண்டு முடிவைப் பார்த்து வந்தால், செப்டம்பர் முடிவு வரும்வரை பொறுங்கள்.