இரைச்சலுக்காகக் கஸ்டம் கிட்டாரா?

இரைச்சல் இல்லாத கிட்டாரைத் தனியாகச் செய்யச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். கஸ்டம் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார்) டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பான எஃபெக்ட், போட்டால் இரைகிறது, ஆனால் அதன் கரகரப்பில்லாத கிளீன் டோனையும் விட மனசில்லை என்கிறீர்கள். அதற்கு எச்எஸ்எஸ் என்ற பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) அமைப்பில் கிட்டார் ரெடிமேடாகவே கிடைக்கிறது: கம்பிகளின் அடிமுனையான பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருளான சிங்கிள் காயில். யமஹா பசிஃபிகா 112-ஐ வாசித்துப் பாருங்கள். கஸ்டம் கிட்டாரைப் பிறகு விற்கப் போனால் வாங்க ஆள் தேடுவதே பெரும்பாடு.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கிட்டாரின் மரமல்ல, சிங்கிள் காயில் பிக்கப். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை ஆன்டெனா மாதிரி இழுத்துக்கொள்ளும். 1955-ல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கியதே இதை அடக்கத்தான்.

வாங்குமுன் ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபயரில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி, கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் ஏறி இறங்கினால் பிக்கப்தான். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்சை 2 அல்லது 4-ல் வைத்தால் பல ஸ்ட்ராட்களில் அடங்கியும் போகும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினாலோ, சுரீர் என்றாலோ கதை வேறு. உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு, ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கிட்டார் கடைக்கு அப்புறம் போகலாம்.