பாலுண்ணி மருந்தை வாய்ப்புண்ணில் பூசலாமா?

கேள்வி: மகனின் கைப் பாலுண்ணிக்கென்று கனடாவிலிருந்து வந்த மச்சாள் கந்தாரிடின் மருந்து ஒரு சின்னப் போத்தல் தந்தார். என் கணவருக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். ஹோமியோபதியில் வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் கந்தாரிஸும் இதுவும் ஒன்றுதான், பூசிப்பார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பூசலாமா? – உப்புவெளி வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி, ஒரு துளியும் வேண்டாம்.

கந்தாரிடின் என்பது கொப்புள வண்டுகளின் நஞ்சு. 1810இல் ரொபிகே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்தெடுத்தார். தோலின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் இணைப்புகளை இது அறுத்துவிடும், அந்த இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் எழும்பும், பாலுண்ணியும் அதோடு கழன்று வரும். கொப்புளம் மேல்தோலுக்குள்ளேயே நிற்பதால் பெரும்பாலும் தழும்பு விழாது. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வைரஸ் பருவுக்கு 0.7 சதவீதக் கரைசலை அங்கீகரித்தார்கள், அதுவும் மருத்துவப் பணியாளர் கையால் பூசுவதற்கு மட்டும். வீட்டு அலுமாரியில் வைக்கிற சாமானே இல்லை.

வாயின் உட்தோல் மெல்லியது, எப்போதும் ஈரம். அங்கே இது பட்டால் நாக்கிலும் உதட்டிலும் கொப்புளம் எழும்பி உடைந்து, இருக்கிற ஒரு புண் பத்துப் புண்ணாகும். விழுங்கினால் தொண்டை எரியும், இரத்த வாந்தி வரும், சிறுநீரில் இரத்தம் போகும், சிறுநீரகமே செயலிழக்கலாம். பத்து மில்லிகிராம் அளவிலேயே உயிர் போயிருக்கிறது. மாற்று மருந்து கிடையாது. ஏற்கனவே தொட்டுவிட்டார் என்றால் வாயைக் கழுவித் துப்பச் சொல்லி, வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்கா சொன்ன கந்தாரிஸ் அதே வண்டிலிருந்து வருவதுதான். ஆனால் 30சி என்று எழுதியிருக்கும் குளிசையில், நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைத்த பிறகு வண்டின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. கெடுதலும் இல்லை, குணமும் இல்லை, சீனி உருண்டை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு போத்தலைத் திறப்பதுதான் ஆபத்து.

கணவருக்கு வருவது நடுவில் வெள்ளையாய், ஓரம் சிவப்பாய், சின்ன வட்டமாய் இருந்தால் சாதாரண வாய்ப்புண். ஒன்றிரண்டு கிழமையில் தானாக ஆறும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும், கொஞ்ச நாள் உறைப்புச் சம்பலைத் தள்ளி வைக்கட்டும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்தும் பி12உம் பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கூரான பல் உரசுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், வெற்றிலை போடுகிறாரா? நீங்கள் எழுதவில்லை. போடுகிறவர் என்றால், ஒரே இடத்துப் புண் மூன்று கிழமை தாண்டியும் ஆறாமல் இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் பல் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.