பழைய பல் பிரிட்ஜை மாற்ற வேண்டும், கிளிப் போடவும் ஆசை: எதை முதலில் செய்வது?

கிளிப் போடும் எண்ணம் துளியாவது இருந்தால், புது பிரிட்ஜுக்கு இப்போதே அளவு கொடுத்துவிடாதீர்கள். முதலில் பல் சீரமைப்பு நிபுணரைப் பாருங்கள். 38 வயதில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

கீழ்வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைச் சின்ன வயதிலேயே சொத்தை என்று பிடுங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு, அதன் இருபுறப் பற்களையும் செதுக்கி கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல் வைத்து பிரிட்ஜ் கட்டினோம். 14 வருஷம் உழைத்தது. பிறகு ஒரு நாள், பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து இழுத்தபோது கெட்ட வாடை. நாக்கால் தள்ளினால் லேசான ஆட்டம். சிமென்ட் விட்டுப்போன ஒரு கேப்புக்குள் சொத்தை பரவியிருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் உடனே ஜிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் ஒரு பீங்கான் வகை) பிரிட்ஜ் போட்டுவிடலாம் என்றார். கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைச் சொன்னேன். "அதை அப்புறம் பார்க்கலாம்மா" என்றார். சிக்கலே அந்த அப்புறத்தில்தான். பிரிட்ஜ் மூன்று பல்லையும் ஒரே கட்டையாகப் பூட்டிவிடும். பூட்டிய பல் தனியாக நகராது. நகர்த்த வேண்டுமானால் காசு கொடுத்துக் கட்டிய பிரிட்ஜை அறுக்க வேண்டும். நகர்த்தாமல் விட்டாலும், மற்ற பற்கள் நகர்ந்து கடி மாறியபின் அது பொருந்தாமல் போகலாம்.

அடுத்துப் பார்த்த பல் சீரமைப்பு நிபுணர், எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் பேனா முனையை வைத்துக் காட்டினார். பின்பல், பிரிட்ஜ் கட்டும் முன்பே காலியிடத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியவே தெரியாது. பிரிட்ஜை வெட்டி எடுத்து, சொத்தையைச் சுத்தம் செய்து, அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார்கள். ரூட் கெனால் செய்த பல்லையும் நகர்த்தலாம், அதில் பயம் வேண்டாம். இரண்டு பற்களுக்கும் தனித்தனியாகத் தற்காலிக அக்ரிலிக் கேப். அதன் மேலேயே கிளிப் ஒட்டி, சாய்ந்த பல்லை நிமிர்த்தினார்கள். 20 மாதம் ஆனது. காலியிடத்தில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்தது அதற்குப் பிறகுதான். எலும்போடு சேர்ந்துவிட்ட இம்பிளான்டைக் கிளிப்பால் நகர்த்த முடியாது.

உங்கள் பிரிட்ஜுக்கு அடியில் வாடையோ ஆட்டமோ இருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட வேண்டியது நிரந்தரமாகக் கட்டுவதை மட்டும்தான். ஈறு வீக்கம், ரத்தக்கசிவு இருந்தால் அதையும் கிளிப்புக்கு முன்பே சரிசெய்யுங்கள். கிளிப் கழற்றியதும், பற்கள் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்துவைக்கத் தரும் ரிடெய்னரை, கடைசி கேப் மாட்டியபின் மறுபடி அளவெடுத்துச் செய்து தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கேப் மாறினால் பழைய ரிடெய்னர் சரியாக உட்காராது.